கிரேன் செய்யாத பயிற்சி

அந்த மருத்துவமனையின் மேற்குக் கட்டடத்தில் போய் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் ஆளுக்கு ஆள் உதட்டைப் பிதுக்குவார்கள். கிரேன் எங்கே என்று கேட்டால் தலைமை நர்ஸிலிருந்து கேண்டீன்காரர் வரை கை காட்டுவார்கள். நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து ஸ்கேன் மேசைக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு என்று தூக்கி மாற்றுகிற வார்டு ஊழியர் அவர். எலும்பு முறிந்தவர்களும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் படுத்திருக்கிற கட்டடம் அது. போர்வையை இழுத்தாலே அலறுகிறவர்கள்கூட அவர் தூக்கினால் மட்டும், "அதுக்குள்ள மாத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் காதால் கேட்பதற்காகவே அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பயில்வான் உடம்பெல்லாம் கிடையாது. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிக்கிறவருக்கு ஒல்லி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிய பெயர், தொப்பை விழுந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்குவார்கள். இவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. ஒல்லி மூச்சை இழுத்தால் கிரேன் தூக்கிவிடுவார். எண்ணினால் நோயாளி பயந்து உடம்பை விறைத்துக்கொள்கிறார், எண்ணாவிட்டால் பஞ்சு மாதிரி வருகிறார் என்பது இருவரும் கண்ட அனுபவம்.

கிரேனின் மனைவி தையல் நிறுவனம் ஒன்றில் சட்டைக் காலர் தைக்கிறவர். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் தம்பிக்கு பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தபோது, விடுதி கிடுதி என்ற பேச்சையே எடுக்கவிடாமல் அவன் பெட்டியை வாங்கி உள்ளறையில் வைத்தவர் கிரேன்தான். படித்து, வேலை தேடி, கல்யாணமாகித் தனிவீடு பார்க்கும்வரை அவன் அங்கேதான் இருந்தான். அவன் பாடம் படித்ததெல்லாம் மாமாவின் உடம்பில். முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டுவான், தோளை முறுக்குவான், எந்த எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவித் தேடுவான். இவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி காலை நீட்டிக் கொடுப்பார். பரீட்சைக்கு முன்னால் ஒருமுறை முதுகு முழுக்கப் பேனாவால் கோடு போட்டுவிட்டான். அது அழியாமலே வேலைக்குப் போய், உடை மாற்றும் அறையில் மாட்டிக்கொண்டார். மச்சினன் படிக்கிறான், மேப் போட்டிருக்கிறான் என்று பெருமையாகத் திரும்பி நின்று காட்டினாராம். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்ததும் அவர்களுடைய கல்யாணப் படம் இல்லை, அவன் பட்டம் வாங்கின படம்தான்.

அந்த மச்சினனுக்கு இதே மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. வந்த கொஞ்ச நாளிலேயே ஆராய்ச்சி ஒன்று ஆரம்பித்தது.

வார்டு ஊழியர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்வது அங்கே தினசரிச் செய்தி. யாராவது ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், யாராவது ஒருவர் விடுப்பில் இருப்பார். இதைத் தடுக்க முடியுமா என்று பார்க்க பிசியோ பிரிவின் தலைவி ஒரு திட்டம் போட்டார். சீட்டுக் குலுக்கி, கிழக்குக் கட்டடத்துக்கு ஒரு பயிற்சி, மேற்குக் கட்டடத்துக்கு வேறொரு பயிற்சி என்று பிரித்தார்கள். எது இடுப்பைக் காப்பாற்றுகிறது என்று கடைசியில் பார்க்கலாம். ஒரு கட்டடத்தின் பயிற்சியை மறு கட்டடத்தார் பார்க்கவும் கூடாது, செய்யவும் கூடாது. கலந்துபோனால் எல்லாம் பாழ். யாருக்காவது காலில் வலி இறங்கினால் உடனே சொல்ல வேண்டும், ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். இவ்வளவையும் கூட்டம் போட்டு வெளிப்படையாகத்தான் சொன்னார்கள். அதுவரை யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேற்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மச்சினனுக்கு வந்தது. ஆட்கள் பாதியில் கழன்றுகொள்ளாமல் கடைசிவரை இருந்தால் அவன் வேலை நிரந்தரம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிரேனுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. தினமும் வேலை தொடங்குமுன் துணி அறைக்குப் பக்கத்து நடையில் எல்லோரையும் திரட்டி நிறுத்துவார். கையை மேலே நீட்டு, கழுத்தைத் திருப்பு, குதிகாலைத் தூக்கு, இறக்கு. இதில் கொட்டாவி மட்டும்தான் நன்றாக வருகிறது என்று ஒல்லி முனகினால், வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கு என்பார்.

ரகசியம் காப்பதில் அவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. கேண்டீனில் கிழக்குக் கட்டடத்துக்காரர் யாராவது "எங்க பயிற்சி இருக்கே" என்று வாயைத் திறந்தால், பாதிச் சாப்பாட்டுடன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார். கிழக்கில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப்பார்த்துவிட்டு வந்த ஒருவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆராய்ச்சி நடத்துகிறவர்களுக்கே அவ்வளவு அக்கறை இருந்திருக்காது.

இந்தக் கண்டிப்பு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஒரு காலை பல் துலக்கிவிட்டு வந்தவர், படுக்கையறைத் தரையில் மனைவி கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்பதைப் பார்த்தார். ஒரு கையை முன்னால் நீட்டி, எதிர்ப்பக்கக் காலைப் பின்னால் நீட்டி, ஆடாமல் அசையாமல் இருந்தார். என்ன தொலைத்தாய், என்ன தேடுகிறாய் என்று கிண்டலடித்தார் இவர். தம்பி சொல்லிக்கொடுத்தது, காலர் தைத்துத் தைத்து விட்டுப்போன இடுப்பு இப்போதுதான் தன்னுடையது மாதிரி இருக்கிறது, நீங்களும் வந்து செய்யுங்கள் என்றார் மனைவி. கிரேன் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்குக் காட்டாதே. எங்களுக்குக் குடுத்ததைத் தவிர வேற எதுவும் செய்யக் கூடாது. அவன் பொழப்பு அதுல இருக்கு." அன்றுமுதல் மனைவி அந்தப் பயிற்சியைச் செய்கிற நேரம் இவர் வாசலில் போய் நின்றுகொள்வார். தன் வீட்டுப் படுக்கையறையில் கிடந்த மருந்தை, மச்சினனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போன மனிதர் அவர்.

பிறகு வலி வந்தது. முதலில் இடுப்பில், அப்புறம் பின்தொடை வழியாக இறங்கி, கட்டைவிரல்வரை மின்சாரம் மாதிரி ஓடியது. இதை வெளியே சொன்னால் தூக்குகிற வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். தூக்காத கிரேனை யார் கிரேன் என்று கூப்பிடுவார்கள்? அந்தப் பயம் ஒரு பக்கம். மச்சினனின் கணக்கில் ஒரு ஆள் குறையுமே என்பது இன்னொரு பக்கம். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மாலை அவனை வீட்டுக்கு வரச்சொன்னார்.

அவன் மாமாவை மல்லாந்து படுக்க வைத்தான். முழங்காலை மடக்காமல், குதிகாலைப் பிடித்துக் காலை மெல்ல மேலே தூக்கினான். பாதி உயரம்கூடப் போகவில்லை, கிரேனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தண்டுவடத்திலிருந்து வருகிற நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று காட்டிக்கொடுக்கிற சோதனை அது. முதல் வருடம் படிக்கிறவனுக்கே தெரியும். இவன் இதே காலில், இதே கட்டிலில் தூக்கிப் பழகியவன். அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று கிரேன் பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கதவோரம் நின்ற மனைவி பார்த்தார்.

வலி அடங்கியதும் கிரேன் எழுந்து உட்கார்ந்து நேராகவே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுடா. எங்களுக்குக் குடுத்திருக்கியே, அது வேலைக்காகுமா? ஆகாதுன்னா சொல்லிடு. உன் பேரு கெடாம நான் ஒதுங்கிக்கிறேன்."

அவன் மாமாவின் கால்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான். "நல்லது உங்களுக்குத்தான் மாமா வந்திருக்கு. விட்டுடாதீங்க. இது வெறும் தசைப்பிடிப்பு, போயிடும். வெளியில யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க."

கிரேனுக்கு அது போதும். வலி அப்படியேதான் இருந்தது, ஆனால் மனசு லேசாகிவிட்டது. மறுநாள் காலை துணி அறை நடையில், முனகிக்கொண்டிருந்த ஒல்லியின் காதருகே போய், நமக்குக் கிடைத்ததுதான் நல்ல பயிற்சி, எனக்கு உள்விவரம் தெரியும் என்று சொன்னார். ஒல்லி மற்றவர்களிடம் சொன்னார். அதற்குப்பின் ஒருவர்கூட விலகவில்லை.

கிரேனின் இடுப்பு போன நாளில் தூக்கியது குண்டான ஆள்கூட இல்லை, பஞ்சடைத்த தலையணை மாதிரி இருந்த ஒரு வயதான அம்மாளை. ஒல்லி மூச்சை இழுத்தார், கிரேன் தூக்கினார், உள்ளே ஏதோ பொத்துக்கொண்டது. அந்த அம்மாளைக் கீழே விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அதன் விளிம்பைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தபோது வலது பாதம் அவர் சொன்னபடி கேட்கவில்லை. அதே ஸ்ட்ரெச்சரைக் காலிசெய்து, அவரைத்தான் அடுத்து ஏற்றினார்கள்.

முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்லிற்று. உடனே அறுவை சிகிச்சை. இது இன்று நேற்று வந்தது இல்லையே, முன்னாலேயே காலில் வலி இறங்கியிருக்குமே, யாரும் சோதிக்கவில்லையா என்று எலும்பு மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். யாரும் பார்க்கவில்லை, நான்தான் சொல்லவில்லை என்று சாதித்தார் கிரேன். மச்சினன் பார்க்க வந்தபோது, படுத்திருந்த இவர்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

"நல்ல பயிற்சியைக் குடுத்தும் எனக்கு இப்படி ஆயிடுச்சு. உன் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேனேடா. மன்னிச்சுக்கோ."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றான் அவன். போர்வையைச் சரிசெய்துவிட்டு, டியூட்டி இருக்கிறது என்று போய்விட்டான். அவன் கண் கலங்கியிருந்ததைக் கிரேன் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பாதம் முழுசாகத் திரும்பவில்லை. நடந்தால் முன்பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மருத்துவமனை அவரைக் கைவிடவில்லை. பார்வையாளர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்தது. கண்ணாடியில் இருந்த ஒரு துளை வழியாகச் சீட்டை நீட்டுவார். அந்த வழியாக வருகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஆராய்ச்சி முடிந்ததும் முடிவைச் சொல்ல அரங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். கிரேன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒல்லியின் தோளைப் பிடித்தபடி போய் நடு வரிசையில் உட்கார்ந்தார். பிசியோ தலைவி பேசினார், மச்சினன் திரையில் படங்களை ஓட்டினான். கிழக்குக் கட்டடத்தார் செய்த பயிற்சி என்று முதல் படம் வந்தது. ஒரு நர்ஸ் தரையில் கையையும் முழங்காலையும் ஊன்றி, ஒரு கையை முன்னாலும் எதிர்க்காலைப் பின்னாலும் நீட்டியிருந்தார். கிரேனுக்கு அதை எங்கே பார்த்தோம் என்று ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த படம் மேற்குக் கட்டடம். கையை மேலே நீட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றது அவரேதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேற்குக்குக் கொடுத்தவை சாதாரண நீட்சிகள், அவற்றால் கெடுதலும் இல்லை, இடுப்புக்குப் பெரிய பலனும் இருக்காது என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தோம் என்றார் தலைவி. பிறகு முடிவைச் சொன்னார். கிழக்கில் காயங்கள் நன்றாகக் குறைந்திருந்தன. வித்தியாசம் மயிரிழையில்தான் நிரூபணமாகியிருக்கிறது, மேற்கில் கடைசியாக ஏற்பட்ட அந்த ஒரு காயம் இல்லாமல் போயிருந்தால் இதை உறுதியாகச் சொல்லியிருக்கவே முடியாது என்றார். அந்தக் காயம் யாருடையது என்று அவர் யோசித்துப் பேசவில்லை. அவருக்கு அது திரையில் ஓர் எண். அரங்கம் கைதட்டிற்று.

ஒல்லி கைதட்டவில்லை. திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "நமக்குக் கிடைச்சதுதான் நல்லதுன்னு நீதானே சொன்னே?"

கிரேனுக்கு உடம்பு முழுக்க எரிந்தது. காலை அறுத்துப் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் ஏமாற்றினால் அவனைத் திட்டித் தீர்த்துவிடலாம். இவன் தன் கையால் சோறு போட்டு வளர்த்த பையன். தன்னை ஏமாற்றியதோடு விடவில்லை, தன் வாயாலேயே மற்றவர்களையும் ஏமாற்ற வைத்திருக்கிறான். ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டேன் என்று தான் மன்னிப்புக் கேட்டபோது, உண்மையில் தான்தான் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.

தம்பியை வரச்சொன்னது மனைவிதான். வந்தவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எனக்குச் சொல்லிக்குடுத்தப்போ, மாமாகிட்ட காட்டாதேன்னு சொன்னே. ஏதோ பேருக்குச் சட்டதிட்டம்னு நெனச்சு அவரையும் கூப்பிட்டேன். அன்னைக்கு அவர் காலைத் தூக்கினப்போ உன் முகம் செத்துப்போச்சு. அதையும் பார்த்தேன். என் தம்பி பொய் சொல்லமாட்டான்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். என் இடுப்பு நல்லா இருக்கணும், அவர் இடுப்பு போனா பரவாயில்லையா உனக்கு?"

அவன் மழுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரம்தான் சிலர் விலகியிருந்தார்கள், மாமாவும் போயிருந்தால் அவர் பின்னால் மொத்தப் பேரும் போயிருப்பார்கள், தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டேன் என்றான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வேற யார்கிட்டயும் நான் பொய் சொல்லல மாமா. வேற யாரும் நம்பியிருக்கவும் மாட்டாங்க."

கிரேன் தன் பாதத்தைப் பார்த்தபடி, "படுத்துக்கெடந்து உன்கிட்ட மன்னிப்பு கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

போகுமுன் இன்னொன்றும் சொன்னான். கிழக்கின் பயிற்சியை இனி மேற்குக்கும் சொல்லித்தரப் போகிறார்கள். பொறுப்பு அவனுக்குத்தான். ஆனால் மேற்குக் கட்டடத்தில் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள், பிசியோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மாமா ஒரு வார்த்தை சொன்னால் வருவார்கள். இதைக் கேட்க அவனுக்கு எப்படி வாய் வந்தது என்று அவன் அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதார். அந்தப் பக்கமே போகக் கூடாது என்று கணவரிடம் சொன்னார். கிரேன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஒல்லி நடக்கும்போது இடுப்பில் கையை வைத்துக்கொள்வதைக் கவுண்டர் கண்ணாடி வழியாக அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

முதல் வகுப்பன்று காலையில் கிரேன் வார்டு வார்டாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். தேய்த்துத் தேய்த்து நடந்துவந்த அந்தக் காலுக்காகவே எல்லோரும் வந்தார்கள். துணி அறை நடையில் பாய்களை விரித்து வைத்துவிட்டு மச்சினன் ஓரமாக நின்றான். மாமா வந்ததைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. கிரேன் அவன் பக்கத்தில் போய் நின்று, எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"முன்னாடி செஞ்சதுதான் நல்லதுன்னு நான் உங்ககிட்ட சொன்னேன். அது பொய். இவர் என்கிட்ட சொன்னார், நான் நம்பினேன், உங்களுக்கும் சொல்லிட்டேன். தப்பு என் மேலயும்தான். இப்ப சொல்லித்தரப் போறது நல்ல பயிற்சி. கிழக்குல பலிச்சிருக்கு, என் வீட்டுலயும் பலிச்சிருக்கு. ஒழுங்கா செய்யுங்க. ஆனா கால்ல வலி இறங்குச்சுன்னா இவர்கிட்ட சொல்லாதீங்க. நேரா எலும்பு டாக்டர்கிட்ட போங்க."

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் ஊழியர், விவரம் தெரியாமல், இவர் உங்கள் மச்சினன்தானே என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரியோட தம்பி" என்றார் கிரேன்.

அவன் தலையைக் குனிந்தபடி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி "மாமா" என்றான்.

"நேரமாகுது. நீங்க ஆரம்பிங்க சார்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கிரேன் தன் கவுண்டருக்குப் போனார்.